ஐயத்திற்கும் மௌனத்திற்கும் நடுவே

கொச்சி மாநகரில் கலூர் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருபவை பேருந்து நிலையம், புனித அந்தோணியார் திருத்தலம், ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம், தூண்களின்மேல் ஓடும் மெட்ரோ ரயில் ஆகியவையே. ஆயினும், தங்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்த சில ஆயிரம் மனிதர்களுக்குக் கலூர் என்பது ஒரு நீதிமன்றத்தின் பெயர். திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாலக்குடாவை அடுத்த கருவன்னூர் கூட்டுறவு வங்கியின் வழக்கு, சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ், கலூரிலுள்ள சிறப்பு நீதிமன்றத்தின் முன்தான் வந்தது.

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த வங்கியின் விவகாரம் காவல்துறையின் வழக்காக வெடித்தது. ஒரே சொத்தை அடமானமாகக் காட்டிப் பலமுறை கடன் வழங்கப்பட்டது, உறுப்பினர்கள் அறியாமலேயே அவர்கள் பெயரில் கடன் எழுதப்பட்டது, நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்த்திக் காட்டப்பட்டது என்பன போன்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. இழப்பு நூறு கோடி ரூபாய்க்கும் மேல் என்று பேசப்பட்டது. வைப்புத்தொகை வைத்திருந்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்காக வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினர். 2022 ஜூலையில் நோயுற்று இறந்த ஒரு மூதாட்டியின் உடலை அவருடைய குடும்பத்தினர் வங்கியின் வாசலில் கொண்டுவந்து வைத்தனர். சிகிச்சைக்குத் தேவையான தொகையைத் தங்கள் சேமிப்பிலிருந்து பெற முடியவில்லை என்பதே அவர்களுடைய முறையீடு. அந்த வங்கியில் முன்பு பணியாற்றிய ஒருவர், மத்தியப் புலனாய்வு வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றத்தை அணுகினார்.

குற்றம் புரிந்தவர் யார் என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. ஆனால் இத்தகைய வழக்குகள் எழுப்பும் ஒரு கேள்வி நீதிமன்றத்துக்குரியது அன்று. மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் உரியது. எந்த நிறுவனத்திலும் ஒரு ரசீது பல கைகளைக் கடந்தே பேரேட்டை அடைகிறது. எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், ஒப்பமிடுபவர் ஒருவர், கோப்பில் அடுக்குபவர் ஒருவர். அவர்களுள் ஒருவருடைய கண்ணில் ஒரு முரண்பாடு படுகிறது. அந்தக் கணத்தில் அவர் என்ன செய்ய வேண்டும்?

மேசையின் முன் ஒருவர்

பாடத்திற்காக ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். கலூரில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அங்குள்ள மேலாளர். இளைஞர் அவரைச் ‘சேட்டா’ என்றே அழைக்கிறார். தங்கையின் திருமணத்தின்போது கேட்காமலேயே பணம் கொடுத்து உதவியவரும் அவரே.

ஒரு நாள் மாலை, லாரி வாடகை ரசீதுகளை வரிசைப்படுத்தும்போது ஒன்று உறுத்துகிறது. ஒரே லாரி எண்; ஒரே தேதி; ஒரு ரசீது கோயம்புத்தூருக்குச் சரக்கு ஏற்றியதாகவும், மற்றொன்று தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றியதாகவும் சொல்கின்றன. ஒரு லாரி ஒரே நாளில் இரண்டு திசைகளில் ஓட இயலாது. பழைய கோப்புகளைப் புரட்டினால் முந்தைய மாதங்களிலும் இதே போன்ற இணைகள் தென்படுகின்றன. எல்லாவற்றிலும் மேலாளரின் ஒப்பம் இருக்கிறது.

அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. சொன்னால் நன்றி கெட்டவன் ஆவோமோ என்ற அச்சம் ஒருபுறம். சொல்லாவிட்டால் உடந்தை ஆவோமோ என்ற அச்சம் மறுபுறம். இந்த இரண்டு அச்சங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

சோறு யாருடையது?

முதல் அச்சம் தமிழர் உள்ளத்தில் ஆழமாக வேரூன்றியது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்பது பாட்டி சொல்லி வளர்த்த பாடம். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லைக் கேட்டாலே கர்ணனும் கும்பகர்ணனும் கண்முன் நிற்கின்றனர். காட்டிக் கொடுப்பவன் என்ற பெயரைவிடப் பெரிய இழிவு வேறில்லை என்று எண்ணும் சமுதாயம் இது.

ஆனால் கும்பகர்ணனின் கதையை முழுமையாக நினைவுகூர வேண்டும். அவன் வாய்மூடி அண்ணனின் சோற்றுக் கடனைத் தீர்த்தவன் அல்லன். பிறன் மனைவியைச் சிறைவைத்தது பெரும்பிழை, அவளை விட்டுவிடு என்று அண்ணனின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தவன். வீடணனும் அவ்வாறே, வெளியேறுவதற்குமுன் அவையிலேயே உண்மையைச் சொன்னான். ஒருவன் உடனிருந்து மடிந்தான். மற்றவன் பிரிந்து சென்றான். முடிவுகள் வேறுபட்டாலும் தொடக்கம் ஒன்றுதான். உண்மையைச் சொல்லுதல் இருவருக்கும் சோற்றுக் கடனின் முதல் தவணையாக இருந்தது.

அடுத்து எழும் கேள்வி, சோறு யாருடையது என்பது. இளைஞருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் மேலாளர். ஆனால் மாதந்தோறும் அவருடைய கையில் வரும் சம்பளம் மேலாளரின் பையிலிருந்து வருவதன்று. அது நிறுவனத்தின் பணம். நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கியின் பணம். அந்த வங்கியில் சேமித்தவர்களின் பணம். பொருளை விலை கொடுத்து வாங்குபவரின் பணம். கூட்டுறவு வங்கி என்றால் அதன் ஊழியருக்குச் சோறு போடுவது வாசலில் சேமிப்புப் புத்தகத்தோடு நிற்கும் முதியவரே. உதவி செய்தவருக்கு நன்றி பாராட்ட வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் அவர் செய்த உதவிக்குக் கைம்மாறாகப் பிறருடைய பணத்தைக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. நன்றிக்கடனைத் தன் சொந்தப் பொருளால் தீர்க்க வேண்டும். பொதுப் பொருளால் தீர்க்கக் கூடாது.

கோள் சொல்லுதலுக்கும் புகார் அளித்தலுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே தெளிய வேண்டும். கோள், கேட்பவரின் காதைக் குளிர்வித்துச் சொல்பவருக்கு ஆதாயம் தேடுவது, ஆளைப் பற்றியது, சரிபார்க்க வழியில்லாதது. புகார், செயலைப் பற்றியது, திருத்தும் பொறுப்புடையவரிடம் மட்டும் சொல்லப்படுவது, சரிபார்க்கத்தக்கது. திருவள்ளுவர் புறங்கூறுதலைக் கடிந்து ஓர் அதிகாரம் செய்தார். கள்ளாமைக்கும் வாய்மைக்கும் தனித்தனி அதிகாரங்கள் செய்தார். இம்மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் நேராது.

சிலம்பு தரும் எச்சரிக்கை

அப்படியானால் இளைஞர் மறுநாள் காலையிலேயே முதலாளியிடம் ஓடிச் சென்று, மேலாளர் திருடுகிறார் என்று சொல்லிவிடலாமா? கூடாது. இதற்குச் சிலப்பதிகாரத்தை விடச் சிறந்த எச்சரிக்கை வேறில்லை.

மதுரையில் அரசியின் சிலம்பு களவு போயிற்று. கோவலன் தன் மனைவியின் சிலம்பை விற்க வந்தான். அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்று அரசனிடம் சுட்டிக் காட்டினான். அரசன் ஆராயவில்லை. ஒரே தோற்றமுடைய இரண்டு சிலம்புகளுக்கு உள்ளே வெவ்வேறு பரல்கள் இருந்தன. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உன் சிலம்பின் பரல் யாது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வி கேட்கப்படாததால் ஒரு குற்றமற்றவன் வெட்டுண்டான், அரசன் உயிர் நீத்தான், நகரம் எரிந்தது. கருவன்னூர் அமைந்துள்ள அதே திருச்சூர் மாவட்டத்தில்தான் கொடுங்கல்லூர் பகவதி கோயில் இருக்கிறது. அக்கோயிலைக் கண்ணகியோடு இணைத்துப் பேசும் மரபு இன்றளவும் உண்டு.

இந்தக் காப்பியம் இரண்டு செய்திகளைக் கற்பிக்கிறது. ஒன்று, ஐயம் தீர்ப்பு ஆகாது. மற்றொன்று, முந்திக்கொண்டு குற்றம் சாட்டுபவர் எப்போதும் நல்லவராக இருப்பார் என்பதில்லை. ஆகவே, சிலம்பை உடைத்துப் பரலைப் பார்க்கும் பொறுமை, புகார் செய்ய நினைப்பவருக்கு வேண்டிய முதல் தகுதி.

பரலைப் பார்ப்பது எப்படி?

இளைஞர் ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் பத்தியில் தம் கண்ணால் கண்டவை: இந்தத் தேதி, இந்த ரசீது எண், இந்த லாரி எண், இந்தத் தொகை. இரண்டாம் பத்தியில் பிறர் சொல்லக் கேட்டவை. மூன்றாம் பத்தியில் தாமாக ஊகித்தவை. மேலாளர் புதிய கார் வாங்கியிருக்கிறார் என்பது கண்டது. ரசீதுப் பணத்தில் வாங்கினார் என்பது ஊகம். தாளை நிரப்பி முடிக்கும்போது, மனத்தில் மலைபோல் நின்ற பலவும் மூன்றாம் பத்தியில் போய் விழுவதைக் காணலாம். முதல் பத்தியில் எஞ்சி நிற்பது எவ்வளவோ, அவ்வளவே அவருடைய புகாரின் உண்மையான எடை.

பின்னர், குற்றமற்ற விளக்கம் ஏதேனும் இருக்க முடியுமா என்று தேட வேண்டும். எழுத்தர் எண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம். லாரி பழுதாகி வேறு லாரி சென்றிருக்க, பழைய எண்ணே ரசீதில் தங்கியிருக்கலாம். சரக்கு ஏற்றிய நாளும் ரசீது எழுதிய நாளும் வேறாக இருக்கலாம். இவற்றைச் சரிபார்க்க வழியுண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு பயணம் செய்ய மின்வழிச் சீட்டு வேண்டும் என்னும் ஏற்பாடு 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் வாகன எண் பதிவாகிறது. கோயம்புத்தூர் சாலையில் சென்ற லாரி சுங்கச்சாவடியைக் கடந்திருந்தால் அதற்குரிய கட்டணம் கணக்கில் வந்திருக்கும். கிடங்கின் வரவுப் பதிவேட்டில் சரக்கு வந்து சேர்ந்த குறிப்பு இருக்கும்.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. தம் பணியின் பொருட்டுத் தமக்குத் திறந்துவிடப்பட்ட கோப்புகளை மட்டுமே அவர் பார்க்கலாம். பிறருடைய மேசையைத் திறப்பதும், கடவுச்சொல்லைத் திருடுவதும், ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் கூடா. களவைக் காட்டிக்கொடுக்கக் களவு செய்தால், பிறகு பேசப்படுவது இரண்டாவது களவு மட்டுமே.

ஒரே நிறுவனத்தில் இருவர்

அமெரிக்க நாட்டில் வேர்ல்டுகாம் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனம் பெரும் புகழோடு விளங்கியது. அதன் தலைமையகம் மிசிசிப்பி மாநிலத்தின் கிளின்டன் என்னும் சிற்றூரில் இருந்தது. அங்கே கணக்குத் துறையில் பெட்டி வின்சன் என்னும் பெண்மணி பணியாற்றினார். 2000ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், செலவுகளைக் குறைத்துக் காட்டும் பதிவுகளைச் செய்யுமாறு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அது தவறு என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. வேலையை விட்டுவிட எண்ணினார்; விலகல் கடிதம் எழுதும் அளவுக்குச் சென்றார். இது ஒரு முறைதான், நிலைமை சீராகும் வரை பொறுங்கள் என்று தலைமை நிதி அதிகாரி வற்புறுத்தினார். குடும்பத்துக்கு அவருடைய சம்பளம் தேவைப்பட்டது. அவர் தங்கிவிட்டார். ஒரு முறை என்பது அடுத்த காலாண்டிலும் அதற்கடுத்த காலாண்டிலும் தொடர்ந்தது.

அதே நிறுவனத்தின் உள் தணிக்கைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சிந்தியா கூப்பர். 2002ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவருக்கும் அவருடைய குழுவினருக்கும் சில பதிவுகளில் ஐயம் எழுந்தது. அன்றாடச் செலவுகள் நெடுங்காலச் சொத்துகளாக மாற்றி எழுதப்பட்டிருந்தன. அவர்கள் கூச்சலிடவில்லை. பகலில் வழக்கமான வேலையைச் செய்துகொண்டு, இரவில் கணக்குகளை ஆராய்ந்தனர். தணிக்கையைத் தள்ளிவைக்குமாறு தலைமை நிதி அதிகாரி கேட்டபோது கூப்பர் இணங்கவில்லை. இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுத் தலைவரிடம் சான்றுகளோடு சென்றார். 2002 ஜூன் 25 அன்று, 380 கோடி டாலர் அளவுக்குக் கணக்குத் திரிக்கப்பட்டதாக நிறுவனமே உலகுக்கு அறிவித்தது. பின்னர் வெளிவந்த தொகை அதைவிடப் பெரிது.

முடிவு என்ன? நிறுவனத்தின் தலைவருக்கு 25 ஆண்டுச் சிறை. நிதி அதிகாரிக்கு 5 ஆண்டு. உத்தரவுக்குப் பணிந்து பதிவுகளைச் செய்த பெட்டி வின்சனுக்கும் 5 மாதச் சிறையும் 5 மாத வீட்டுக்காவலும் கிடைத்தன. ஒரு காசும் திருடாதவர் அவர். தீய எண்ணம் உடையவரும் அல்லர். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மௌனமாக இருந்தவர். மௌனம் வேலையையும் காப்பாற்றவில்லை.

இந்த இருவரையும் வேறுபடுத்தியது துணிவு மட்டுமன்று, காலமும்தான். முதல் பதிவுக்கு இணங்கியவருக்கு இரண்டாவதை மறுப்பது கடினமாயிற்று. ஐயம் எழுந்த அன்றே ஆராயத் தொடங்கியவருக்கு மறைக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. தவறான ஓர் ஆவணத்தில் ஒப்பமிடச் சொல்லும்போது, முதல் முறையே மறுப்பதுதான் எளிது.

தன் மனத்தைத் தணிக்கை செய்தல்

கணக்கைச் சோதித்தவர் அடுத்து மனத்தைச் சோதிக்க வேண்டும். மேலாளர் சென்ற ஆண்டு ஊதிய உயர்வை மறுத்தாரா? அவருடைய இருக்கையில் தாம் அமரலாம் என்ற ஆசை உள்ளதா? இதே முரண்பாடு தமக்குப் பிடித்தமான ஒருவருடைய ரசீதில் இருந்திருந்தால் இவ்வளவு ஊக்கத்தோடு தேடியிருப்போமா?

மனத்தில் கசப்பு இருப்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது. எவருடைய மனமும் முழுத் தூய்மை அடையும் வரை உண்மை காத்திருக்க வேண்டும் என்றால், உண்மை ஒருநாளும் வெளிவராது. கசப்பு உண்டு என்று அறிந்துகொள்வதன் பயன், சொற்களில் அது கலவாமல் காத்துக்கொள்வது. நெடுநாளாகத் திருடுகிறார் என்று எழுதத் துடிக்கும் கை, இந்த நான்கு ரசீதுகளில் இந்த முரண்பாடு காணப்படுகிறது என்று எழுதப் பழகும்.

ஒன்றை மட்டும் எந்நிலையிலும் செய்யலாகாது. அறிந்த செய்தியை வைத்துக்கொண்டு பதவி உயர்வோ பணமோ கேட்பது, வேறொரு மோசடியைத் தொடங்குவதே ஆகும். அவ்வாறே, அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிசுகிசுவாகப் பரப்புவதும் கூடாது. குற்றமற்றவரானால் அவருடைய மானம் போகும். குற்றவாளியானால் அவர் விழித்துக்கொள்வார்.

எந்தக் கதவைத் தட்டுவது?

பொறுப்புடையவரில் மிக அருகிலிருப்பவரிடம் முதலில் செல்வது பொதுவான நெறி. ஆனால் அவரே ஐயத்துக்கு உள்ளானவர் என்றால், அவருக்கு மேலே செல்ல வேண்டும். சிறு நிறுவனத்தில் உரிமையாளர் அல்லது வெளித் தணிக்கையாளர். பெரிய நிறுவனங்களுக்குச் சட்டமே கதவு வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறும் நிறுவனங்களும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பெற்ற நிறுவனங்களும், ஊழியர்கள் முறைகேட்டைத் தெரிவிப்பதற்கான ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும். தெரிவித்தவரைப் பழிவாங்காமல் காக்கும் வழியும் அதில் இருக்க வேண்டும். தக்க சூழ்நிலையில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் இடமுண்டு.

மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் தொடர்பான ஊழலை, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். பொதுநல வெளிப்படுத்தல் என்று உறையின்மேல் குறிப்பிட வேண்டும். அனுப்புநரின் பெயரை உறையின்மேல் எழுதாமல் உள்ளே மட்டும் எழுத வேண்டும். பெயரில்லாத கடிதங்கள் ஏற்கப்படுவதில்லை. மாநில அரசு அலுவலகங்களுக்கு அந்தந்த மாநிலத்தின் ஊழல் தடுப்புக் காவல் பிரிவுகள் உள்ளன.

இந்த உறைக்குப் பின்னால் ஓர் உயிர்

பெயரை உறையின்மேல் எழுதாதே என்னும் இந்த எளிய விதி எப்படிப் பிறந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பீகாரின் சிவான் மாவட்டத்தில் 1973இல் பிறந்த சத்தியேந்திர துபே, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சார்பில் தங்க நாற்கரச் சாலைப் பணியை ஜார்க்கண்டின் கோடர்மாவிலிருந்து மேற்பார்வையிட்டார். தரமற்ற சாலைப் பகுதியை ஒப்பந்ததாரரைக் கொண்டே மீண்டும் போடச் செய்தவர். முறைகேடுகளை விவரித்து 2002 நவம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தம்மைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் எழுதி, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். ஆனால் கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று விடியற்காலையில், கயா நகரில் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குச் செல்லும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதைத்தான் எட்டியிருந்தது.

புலனாய்வு, அது வழிப்பறியின்போது நேர்ந்த கொலை என்று முடிவு செய்தது; 2010இல் மூவர் தண்டிக்கப்பட்டனர். அவருடைய குடும்பத்தினரும் நண்பர்களும் அந்த முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கும் ஐயம் வேறு, தீர்ப்பு வேறு. ஐயமின்றிச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு: தம் பெயரைக் காக்குமாறு கேட்ட ஒரு நேர்மையாளரின் பெயர் காக்கப்படவில்லை. நாடு கொதித்தெழுந்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட தீர்மானத்தின் வழியாகவே மேற்சொன்ன உறை விதி வந்தது. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பத்தாண்டுகள் கடந்த பின்னும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

இதைச் சொல்லாமல், உண்மையைப் பேசுங்கள் என்று மட்டும் உபதேசம் செய்வது நேர்மையாகாது. உண்மைக்கு விலை உண்டு. எல்லாருக்கும் உயிர் என்னும் விலை நேர்வதில்லை. ஆனால் இடமாற்றம், தனிமை, கெட்ட பெயர், வேலையிழப்பு ஆகியவை நேரக்கூடும். ஆதலால் முன்கூட்டியே ஆயத்தம் செய்வது கோழைத்தனம் அன்று, விவேகம். தேதியிட்ட நாட்குறிப்பை வைத்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒரு வழக்கறிஞரையோ, அந்த அலுவலகத்தோடு தொடர்பில்லாத ஒரு பெரியவரையோ கலந்தாலோசிக்க வேண்டும். மனைவியிடமோ கணவரிடமோ மறைக்கக் கூடாது; விலையில் பாதியைக் கொடுக்கப் போகிறவர் அவரும்தான். சில மாதச் செலவுக்குரிய தொகையைச் சேர்த்து வைத்துக்கொள்வதும் நன்று.

உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள இடத்தில் தனியாக முன்னால் நிற்க வேண்டும் என்று அறம் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் தவறான தாளில் ஒப்பமிட மறுக்கும் உரிமை எளியவருக்கும் உண்டு. வெளியேறும் உரிமையும் உண்டு. எதையும் செய்ய இயலாதவர் என்று உலகில் எவரும் இல்லை. செய்யத்தக்கதன் அளவு மட்டுமே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

ஒரு பக்கக் கடிதம்

கலூர் இளைஞரிடம் திரும்புவோம். அவருடைய மூன்று பத்தித் தாளில் பதினொரு ரசீதுகள் இருந்தன என்று கொள்வோம். சரிபார்த்ததில் ஏழுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. லாரி மாறியிருந்தது, எண் மாறவில்லை. நான்குக்கு மின்வழிச் சீட்டும் இல்லை. கிடங்கில் வரவும் இல்லை. அன்றிரவே ஓடிச் சென்று பதினொன்று என்று சொல்லியிருந்தால், ஏழின் பொய்யில் நான்கின் உண்மையும் மூழ்கிப் போயிருக்கும். ஏழுக்கு விளக்கம் உண்டு என்று நிம்மதியடைந்து விட்டிருந்தால், நான்கு நாற்பதாக வளர்ந்திருக்கும்.

அவர் உரிமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறார். அதில் திருட்டு என்ற சொல் இல்லை. மேலாளரைப் பற்றிய ஒரு வசையும் இல்லை. நான்கு ரசீதுகளின் எண்கள், தேதிகள், தொகைகள், காணப்பட்ட முரண்பாடு, தாம் சரிபார்த்த பதிவேடுகள், இதற்குத் தாம் அறியாத விளக்கம் இருக்கக்கூடும், ஆராய வேண்டுகிறேன் என்ற இறுதி வரி. கீழே தம் பெயரும் ஒப்பமும்.

அந்தக் கடிதத்தின் முடிவு அவர் கையில் இல்லை. மேலாளருக்கு நியாயமான விளக்கம் இருந்தால், அக்கடிதத்தில் அவருடைய மானத்தைக் குலைக்கும் சொல் ஒன்றும் இல்லை. விளக்கம் இல்லையென்றால், இழப்பு நான்கு ரசீதுகளோடு நிற்கும். மேலாளரும் இன்னும் ஆழமான பள்ளத்தில் விழாமல் தப்புவார். தங்கையின் திருமணத்துக்குக் கைகொடுத்தவருக்கு இதைவிடப் பெரிய கைம்மாறு வேறு என்ன இருக்க முடியும்? கணக்கு சிறிதாக இருக்கும்போதே தடுத்து நிறுத்துபவரே மெய்யான நண்பர்.

வங்கி வாசலில் வெறுங்கையோடு திரும்பிய முதியவர்கள், எந்த ஊழியரையும் வீரனாகும்படி கேட்கவில்லை. எங்கோ ஒரு மேசையில் ஒருவர், முதல் தவறான தாளைக் கண்ட அன்று, அதை ஒதுக்கி வைத்து, பொறுமையாகச் சரிபார்த்து, உரியவரிடம் ஒரு பக்கம் எழுதியிருந்தால் அவர்களுக்குப் போதுமாயிருந்திருக்கும்.

சிந்தனைக்கு

1. என் பணியிடத்தில் எனக்குச் சோறு போடுபவர் உண்மையில் யார்? அவருடைய முகத்தை ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்ததுண்டா?

2. ஒருவரைப் பற்றி எனக்குள்ள ஐயத்தைக் கண்டது, கேட்டது, ஊகித்தது என்று பிரித்தால் முதல் பத்தியில் எஞ்சுவது எவ்வளவு?

3. ‘இந்த ஒரு முறை மட்டும்’ என்று சொல்லி நான் இணங்கிய சிறு தவறு எது? அதை இன்று யாரிடம் சொல்லித் திருத்திக்கொள்ள இயலும்?

4. எனக்குக் கீழே பணிபுரிபவர் ஒரு பக்கக் கடிதத்தோடு என் முன் வந்து நின்றால், அவருடைய பெயரைக் காக்கும் மனிதராக நான் இருப்பேனா?